நாற்பத்தொரு கல்லும் ஒரு தோளும்

கோம்பையில் கடை திறந்த மூன்றாம் நாள், நாகஜோதி தன் பெயர்ப்பலகையைத் தானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினாள்.

‘நாகஜோதி ஸ்டோன் மசாஜ் சென்டர்’ என்று உத்தமபாளையத்தில் எழுதி வாங்கிவந்த பலகை. குமுளி ரிசார்ட்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவளுக்கு அந்தப் பெயரில் ஒரு கோளாறும் தெரியவில்லை. அங்கே சாப்பாட்டு அறை, நீச்சல் குளம் மாதிரி அதுவும் ஒரு அறையின் பெயர். இங்கே முதல் நாள் இரண்டு பைக் வந்து நின்றது. மறுநாள் ஐந்து. மூன்றாம் நாள் ஒருத்தன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே எட்டிப் பார்த்து, “உள்ள யாருக்கா இருக்கா?” என்றான்.

“யாரும் இல்ல. உங்க ஆத்தாளுக்கு முதுகு வலின்னா கூட்டிட்டு வா. நல்லா செஞ்சு விடுறேன்” என்றாள் நாகஜோதி.

பைக் போய்விட்டது. பலகையும் இறங்கியது. அடுத்த வாரம் புதுப் பலகை ஏறியது: ‘கல் ஒத்தடம். பெண்களுக்கு மட்டும்.’ ஆனால் அந்த மூன்று நாள் பேச்சு ஊரில் தங்கிவிட்டது. நான்கு மாதத்தில் அவளிடம் வந்தவர்களை இரண்டு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். அதிலும் பாதிப்பேர் சேலைத் தலைப்பை முகத்தில் இழுத்துவிட்டு, பின்பக்கச் சந்து வழியாக வந்தவர்கள்.

கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஈஸ்வரபாண்டி நல்ல மனுஷன்தான். ஆனால் ஊர் என்ன சொல்கிறது என்பதைத் தினமும் காலையில் டீக்கடையில் கேட்டு வாங்கிவருகிறவர். மார்கழி பிறந்ததும் வந்து வாசலிலேயே நின்றுகொண்டார்.

“ஆத்தா, நான் ஒன்னும் தப்பா நெனைக்கல. ஊரு பேசுது. தை பொறந்தா ஒரம், பூச்சிமருந்துக் கடைக்குக் கேக்குறாக. விட்ரலாம்னு பாக்குறேன்.”

“நாலு பெரிய பொம்பளைக முன்வாசல் வழியா வந்துட்டுப் போனா, அப்பவும் ஊரு பேசுமா மாமா?”

ஈஸ்வரபாண்டி யோசித்தார். “மொக்கம்மா மாதிரி ஒரு ஆளு வந்தா யாரு பேசப் போறா? பேசிட்டு அவ வாயில விழ எவனுக்குத் தெம்பு இருக்கு?” என்று சொல்லிவிட்டு, அதிகம் சொல்லிவிட்டோமோ என்று சந்தேகப்பட்டவர்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மொக்கம்மாளை நாகஜோதிக்கும் தெரியும். திராட்சைத் தோட்டங்களுக்குப் போகும் இருபத்தொரு பெண்களுக்கு அவள் தலைமை. தினமும் காலையில் அவர்களை ஏற்றிக்கொண்டு போகும் மினிடோர் வண்டி, சாயங்காலம் நாகஜோதியின் கடைக்கு எதிரில்தான் இறக்கிவிடும். நான்கு மாதமாக நாகஜோதி பார்த்துக்கொண்டே இருந்தாள். இறங்குகிற ஒவ்வொருத்தியும் ஒரு கையால் இன்னொரு தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். திராட்சைக்கொடி தலைக்குமேல் கம்பிப் பந்தலில் படர்வது. கொடி கட்டுவது, இலை கிள்ளுவது, பழம் அறுப்பது எல்லாம் நாள் முழுக்கக் கையை மேலே தூக்கியபடி செய்யும் வேலை. அந்தத் தோள்கள் தெருவின் அந்தப் பக்கம் இறங்கி, இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போயின.

நாகஜோதி பிறந்தது ஆண்டிபட்டியில், தறி ஓடுகிற வீட்டில். கோம்பையில் ஜீப் ஓட்டும் கர்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, அவன் ஜீப்பிலேயே மலையேறி ஏலக்காய் எடுக்கப் போனாள். பிறகு குமுளி ரிசார்ட்டில் துண்டு, விரிப்பு துவைக்கிற வேலை கிடைத்தது. துவைத்த துண்டுகளை அடுக்கப் போகும் அறையில்தான் அந்தக் கற்களை முதலில் பார்த்தாள். சுடுநீரில் கறுப்புக் கற்கள், குளிர்பெட்டியில் வெள்ளைக் கற்கள். வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிப் படுத்திருக்க, கேரளத்துச் சேச்சிகள் அவற்றை முதுகில் ஓட்டினார்கள். கல்லைக் கழுவித் துடைத்து வைக்கும் வேலையை நாகஜோதி கேட்டு வாங்கிக்கொண்டாள். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தக் கல் எந்த இடத்துக்குப் போனது, எவ்வளவு நேரம் இருந்தது, எடுத்தபின் தோல் என்ன நிறத்தில் இருந்தது என்று பார்த்து, நாற்பது பக்க நோட்டில் எழுதினாள். ராத்திரி தன் தொடையிலும், கர்ணனின் முதுகிலும் வைத்துப் பார்த்தாள். ஆறாம் வருஷம் ரிசார்ட்டே அவளைப் பயிற்சிக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்து, துணி துவைத்தவளை மசாஜ் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தியது.

சொந்தக் கடை என்று முடிவானதும் கல் தேடினாள். கோடையில் முல்லையாற்றில் தண்ணீர் வற்றியிருந்தபோது இறங்கி, சாக்குச் சாக்காகப் பொறுக்கி ஜீப்பில் ஏற்றினாள். “வீடு கட்டப் போறயா, வம்புக்குப் போறயா?” என்றான் கர்ணன். இருநூறு கல்லுக்கு மேல் இருக்கும். நரம்பு ஓடிய கல், நுண்துளை விழுந்த கல் எல்லாம் தள்ளுபடி. மிச்சத்தைத் தகர டின்னில் போட்டுக் கொதிக்கவைத்தாள். இரண்டு கல் பட்டாசு மாதிரி வெடித்தன. தப்பியவற்றை எடுத்துவைத்து, பத்து நிமிஷத்தில் எது எவ்வளவு ஆறுகிறது என்று தெர்மாமீட்டர் வைத்து எழுதினாள். கடைசியில் நின்றவை இருபத்தொன்பது.

வெள்ளைக் கல்லுக்குக் கம்பத்தில் மார்பிள் கடை வைத்திருக்கும் கலீல் ரஹ்மானிடம் போனாள். வெட்டி மிஞ்சிய துண்டுகளை முட்டை வடிவில் தேய்த்துத் தரச் சொன்னாள். அவர் தந்ததைக் கன்னத்தில் உரசிப் பார்த்து, மூன்று தடவை திருப்பிக் கொடுத்தாள்.

“தங்கச்சி, நான் பள்ளிவாசலுக்கே தரை போட்டவன். அங்கனகூட என்னைய இம்புட்டுக் குத்தம் சொல்லலையே!”

“தரையில கால்தான பாய் படும். இது நோவுற இடத்துல படணும்.”

நாலாவது தடவை அவரே கன்னத்தில் உரசிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அவை பன்னிரண்டு. ஆக நாற்பத்தொரு கல்.

ஈஸ்வரபாண்டி வந்து போன மூன்றாம் நாள் சாயங்காலம், மினிடோரிலிருந்து இறங்கிய மொக்கம்மாள் நேராகத் தெருவைத் தாண்டி முன்வாசல் வழியாகவே வந்தாள். ஐம்பத்தாறு வயது, குள்ளம், கனத்த குரல். வலது கையை இடது கை தாங்கியிருந்தது. பின்னாலேயே அவள் கூட்டத்தில் வாயாடியான சுபாஸ்ரீ.

“ஏத்தா, கல்லை வேக வைக்கிறவ நீதானா?”

“நான்தான் சின்னம்மா. டாக்டர்ட்ட காமிச்சீகளா?”

காட்டியிருந்தாள். எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. மூட்டைச் சுற்றி வீக்கம். கைக்கு ஓய்வு கொடுக்கணும், சுவரில் விரலால் ஏறிப் பழகணும் என்று சொல்லி மாத்திரை எழுதியிருந்தார். “ஓய்வு குடுத்தா கூட்டத்தை யாரு கூட்டிட்டுப் போறது? தை மூணாந்தேதி கொடி கட்டு. மொத முடிச்சு நான் போடணும்.”

அது அந்தக் கூட்டத்தின் வழக்கம். பழைய கொடியை வெட்டிவிடும் கவாத்து முடிந்து தளிர் ஓடியதும், புதுக்கொடியைப் பந்தல் கம்பியோடு கட்டுகிற நாளில், மொக்கம்மாள் முதல் முடிச்சைப் போடாமல் மற்றவர்கள் கொடியைத் தொடமாட்டார்கள். போன வெள்ளாமைக்கே கை எழும்பாமல், பழம் அடுக்கும் டிரேயைக் கவிழ்த்து ஏறி நின்று இடது கையால் கட்டினாள். அந்த வெள்ளாமை சோடை போனது. மழைதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பேச்சு இருந்தது.

நாகஜோதி தோளைத் தொட்டுப் பார்த்தாள். மூட்டு மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி போலக் கொதித்தது. அவள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருப்பதே அதுதான்: கொதிக்கிற இடத்தில் சூடு வைக்காதே. குளிர்பெட்டியிலிருந்து வெள்ளைக் கல்லை எடுத்து மெல்லிய துணியில் சுற்றி வைத்தாள்.

மொக்கம்மாள் துள்ளி எழுந்துவிட்டாள். “ஆத்தீ! மார்கழிக் குளுருல இதை வைக்கிறயே, என்னைய என்ன பொணம்னு நெனச்சயா? ஒத்தடம்னா சுள்ளுன்னு இருக்கணும். சூடு வையி!”

நாகஜோதிக்குத் தெரியும், வைக்கக்கூடாது. ஆனால் நான்கு மாதத்தில் முன்வாசல் வழியாக வந்த முதல் பெரிய மனுஷி எழுந்து போகப் பார்க்கிறாள். கறுப்புக் கல்லை எண்ணெய் தடவி எடுத்தாள்.

“பதுக்கே சின்னம்மா, பதுக்கே” என்றாள். மெதுவாக என்பதற்குக் குமுளியில் ஒட்டிக்கொண்ட மலையாளச் சொல். வேலை செய்யும்போது தானாக வரும்.

“பதுக்கேயும் வேணாம், ஒதுக்கேயும் வேணாம். இன்னும் சூடு வையி.”

வைத்தாள். தோள் சிவந்தது. மொக்கம்மாள், “இது ஒத்தடம்!” என்று பாராட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் அவளால் கொண்டைகூடப் போட முடியவில்லை. சுபாஸ்ரீதான் முடிந்துவிட்டாள்.

மினிடோர் அன்று கடையைத் தாண்டும்போது மெதுவாகப் போனது. “அக்கா! இன்னைக்குக் கல்லுக் கொழம்பா, கல்லு ரசமா?” என்று சுபாஸ்ரீ கத்த, வண்டியே குலுங்கிச் சிரித்தது. மொக்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

நாகஜோதி நோட்டை எடுத்து எழுதினாள்: ‘தப்பு என்னுடையது. கேட்டார்கள் என்பதற்காக வைத்தேன்.’ எழுதி முடித்தபோது இந்தக் கடை போய்விட்டது என்றுதான் நினைத்தாள். அப்புறம், தப்பை நோட்டுக்குச் சொன்னால் போதுமா, தோளுக்குச் சொந்தக்காரிக்குச் சொல்ல வேண்டாமா என்று தோன்றியது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கர்ணனின் ஜீப்பில் தோட்டத்துக்குப் போனாள். அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வெயில் ஏறுவதற்குள் அறுத்த கொத்துகள் கொட்டகை நிழலில் பரந்து கிடந்தன. மொக்கம்மாள் கவிழ்த்த டிரேமேல் உட்கார்ந்து, கைக்குப் பதிலாக வாயால் வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். நாகஜோதி பேசத் தைரியம் வராமல் கொட்டகைத் தூணோரம் நின்றாள். நின்றபடியே பொழுது ஏறிவிட்டது. கடைசி வரிசையில் அறுத்த கொத்துகளோடு வந்த சுபாஸ்ரீ, அவற்றை நேரே பெட்டியில் வைக்கப் போனாள்.

“ஏடி! கையை எடு! வெயில் குடிச்ச கொத்தைப் பெட்டியில வைப்பாகளா? உனக்கு எத்தனை தடவை சொல்றது?”

நாகஜோதி முன்னால் வந்தாள். “ஏன் சின்னம்மா வைக்கக் கூடாது?”

மொக்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “வந்துட்டயா, கல்லு வேக வைக்கிறவளே. சூட்டோட மூடுனா பழம் உள்ளயே வெந்து போகும். மதுரை போய்ச் சேரும்போது தண்ணி விட்டுரும். நெழல்ல போட்டு, குளுந்த பெறகுதான் பெட்டி. பச்சைப்புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“நீங்க சாயங்காலம் வரும்போது உங்க தோளும் வெயில் குடிச்ச கொத்துதான் சின்னம்மா. அதைக் குளுர வைக்காம, மேல சூட்டைப் போட்டு மூடிட்டேன். நீங்க கேட்டீக. ஆனா வைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவ நான்தான. தப்பு எம்மேலதான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

மொக்கம்மாள் சுபாஸ்ரீயின் கையிலிருந்த கொத்தை இடது கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிழலில் கிடந்த கொத்து ஒன்றைத் தொட்டாள். அந்தக் கையை மெதுவாகக் கொண்டுபோய்த் தன் வலது தோளில் வைத்தாள். அங்கேயே வைத்திருந்தாள்.

“இருபத்தியோரு நாள் இருக்கு” என்றாள் கடைசியில். “அதுக்குள்ள இந்தக் கை கம்பியைத் தொடணும். உன்னால ஆகுமா?”

“ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நான் சொல்றதுதான் நடக்கணும், நீங்க கேக்குறது இல்ல. டாக்டர் சொன்ன சுவரு ஏறுறதும் நடக்கணும்.”

“பாத்தயாடி, என்னையவே அதட்டுறா” என்றாள் மொக்கம்மாள் சுபாஸ்ரீயிடம். கோபம் இல்லை. “சாயங்காலம் வாரேன்.”

அன்று முதல் தினமும் வந்தாள். முதலில் வெள்ளைக் கல். மூட்டின்மேல் ஒரு நிமிஷம், நகர்த்தி ஒரு நிமிஷம், சூடு இறங்கும்வரை. மொக்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, நாகஜோதியின் வம்சத்தில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் திட்டினாள். அதற்குப் பிறகுதான் கறுப்புக் கல்; அதுவும் மூட்டில் இல்லை. கழுத்துச் சரிவிலும், தோள்பட்டை எலும்பின் ஓரத்திலும், பாறைபோல் இறுகிக் கிடந்த முதுகுச் சதையிலும். ஒவ்வொரு கல்லையும் தன் முன்கையில் வைத்துப் பார்த்த பிறகே அவள் முதுகில் வைத்தாள். முடிந்ததும் மொக்கம்மாள் சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்புபோல ஏற வேண்டும். எட்டிய இடத்தில் நாகஜோதி கரியால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினாள்.

ஐந்து கோடு விழுந்தபோது ஈஸ்வரபாண்டி பார்த்துவிட்டார். “என்னாத்தா இது? வெள்ளையடிச்சு ஆறு மாசம் ஆகல, சுவரை இப்படி நாசம் பண்ணிட்டயே!”

திரைக்குப் பின்னாலிருந்து கனத்த குரல் வந்தது. “கத்தாதீக அண்ணே. அது கோடு இல்ல. என் கை.”

ஈஸ்வரபாண்டி படியிறங்கிப் போய்விட்டார். ஆனால் மறுநாள் கடை பூட்டும் நேரத்துக்கு வந்து, சுவரருகே குனிந்து பார்த்தார். “நேத்தைக்கு இன்னைக்கு ஒரு விரக்கடை ஏறித்தான் இருக்கு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார். அதற்கடுத்த நாளும் வந்தார். டீக்கடையில் சொல்ல அவருக்கு ஒரு சேதி கிடைத்திருந்தது.

ஒன்பதாம் கோடு எட்டாம் கோட்டுக்குக் கீழே விழுந்தது. நாகஜோதி மறைக்கவில்லை, எட்டிய இடத்திலேயே போட்டாள். “நேத்து என்ன செஞ்சீக?”

மொக்கம்மாள் கூரையைப் பார்த்தாள். “கை லேசா இருந்துச்சா... கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவி வச்சேன்.”

“சின்னம்மா!”

“நீதானத்தா கல்லு நல்லதுன்ன?”

நாகஜோதி சிரிக்கவில்லை. வெள்ளைக் கல் இரண்டை அவள் வீட்டுக் குளிர்பெட்டிக்கே கொடுத்தனுப்பி, காலையிலும் வைக்கச் சொன்னாள். கிரைண்டர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள சுபாஸ்ரீயைக் காவல் போட்டாள். கோடு மறுபடி ஏறியது. மூட்டின் கொதிப்பு அடங்க அடங்க, வெள்ளைக் கல்லுக்கு நேரம் குறைந்து, கறுப்புக் கல்லுக்குக் கூடியது. பதினாறாம் நாள் மொக்கம்மாள் தன் கொண்டையைத் தானே போட்டுக்கொண்டு வந்தாள். வந்தவள் கண்ணாடிமுன் நின்று அதை அவிழ்த்து, இன்னொரு தடவை போட்டாள்.

தை மூன்றாம் தேதி நாகஜோதி கடையைப் பூட்டிவிட்டு மினிடோரில் ஏறினாள். பெண்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். இது முன்னமே கவாத்து முடிந்த வேறு தோட்டம். பந்தல் முழுக்க இளந்தளிர், இன்னும் கம்பியோடு சேராமல் தொங்கியது. மேகமலைப் பக்கமிருந்து வெயில் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. கேட்காமலே ஒருத்தி டிரேயைக் கவிழ்த்துப் போட்டாள். மொக்கம்மாள் அதைக் காலால் தள்ளினாள்.

இருபத்தொரு பெண்களும் வரப்பில் நின்றார்கள். மொக்கம்மாள் வாழைநாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்று, வலது கையைத் தூக்கினாள். கை காது உயரம் போனது. தலை உயரம் போனது. அங்கே நின்றது. கம்பிக்கு இன்னும் ஒரு சாண். உதவிக்கு எழும்பிய இடது கையை அவளே கீழே இறக்கினாள். நாகஜோதி தன் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். அந்தக் கையோடு தன் கடையும் தொங்குவதை அவள் மறக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் பார்த்ததெல்லாம் தோள்பட்டை எலும்பு நகர்கிறதா என்பதைத்தான்.

நகர்ந்தது.

“பதுக்கே...” என்றாள் மொக்கம்மாள், நாரைக் கடித்த பல்லுக்கிடையில். “பதுக்கே...”

விரல் நுனி கம்பியைத் தொட்டது. பிறகு விரல் கம்பியைப் பிடித்தது. நாரை எடுத்து, தளிரை அணைத்து, இரண்டு கையும் தலைக்குமேல் சேர்ந்து ஒரு முடிச்சைப் போட்டன.

சுபாஸ்ரீதான் முதலில் குலவை போட்டாள். அடுத்த நொடி இருபத்தொரு நாக்கும் சேர்ந்துகொண்டன. பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். மொக்கம்மாள் யாரையும் பார்க்கவில்லை. இரண்டாம் முடிச்சு, மூன்றாவது, நாலாவது என்று அந்த வரிசையின் கடைசிவரை கட்டிக்கொண்டே போனாள். கல்தூணில் முட்டியதும்தான் திரும்பினாள்.

“என்னடி வேடிக்கை? கொடியைத் தொடுங்கடி!” என்று அதட்டினாள். கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டாள், வலது கையால்.

அன்று சாயங்காலம் மினிடோர் தெருவின் அந்தப் பக்கம் நிற்கவில்லை. நாகஜோதியின் கடை வாசலில் வந்து நின்றது. இருபத்திரண்டு பேரும் இறங்கினார்கள். யார் முதலில் என்று தள்ளுமுள்ளு. மொக்கம்மாள் ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, வயதுப்படி வரிசை கட்டினாள். “சூடு கேக்கக் கூடாது. அவ வைக்கிறதுதான். கேட்டவளை நானே வெளிய தள்ளிருவேன்.”

சத்தம் கேட்டு ஈஸ்வரபாண்டி வந்தார். வரிசையைப் பார்த்தார், சுவரில் ஏறியிருந்த கோடுகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆத்தா, பூச்சிமருந்துக் கடைக்காரகளை வேற எடம் பாக்கச் சொல்லிட்டேன். மாடி ரூமும் சும்மாதான் கெடக்கு, வேணும்னா பாத்துக்க.” அதோடு போகவில்லை. குரலைத் தாழ்த்தி, “இந்த வலது முழங்கால்தான் ரெண்டு வருஷமா...” என்றார்.

நாகஜோதி கைவேலையை விடாமல், தலைக்குமேலே பலகை இருக்கும் பக்கம் கண்ணைக் காட்டினாள். “போர்டைப் படிங்க மாமா.”

“நான் வீட்டுக்காரன்த்தா!”

“சேலை கட்டிட்டு வாங்க மாமா, வரிசையில எடம் போட்டு வைக்கிறேன்” என்றாள் சுபாஸ்ரீ. மொக்கம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

நாகஜோதி குளிர்பெட்டியைத் திறந்து, வெள்ளைக் கல் இரண்டை எடுத்துத் துணியில் சுற்றி அவர் கையில் வைத்தாள். “வீட்டுல அத்தையை வச்சு விடச் சொல்லுங்க. வீங்கியிருந்தா மட்டும். மொதல்ல டாக்டர்ட்ட காமிங்க. வெள்ளிக்கிழமை ரெண்டு கல்லும் திரும்பி வரணும்.” நோட்டை எடுத்து, கல் எண் ஏழு, பதினொன்று என்று அவர் பெயருக்கு எதிரே எழுதினாள்.

பிறகு கையைக் கழுவித் துடைத்து, வரிசையில் முதலில் நின்ற தோளைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாக வெயில் குடித்திருந்தது.